ஒரே தண்டல்காரனா, தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரனா?

கரிசல்காட்டான்:

எங்கள் அலுவலகத்தில் மாலை டீ நேரத்தில் வாரம் ஒருமுறையாவது யாராவது ஒருவர், "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தால்தான் உருப்படும்" என்பார். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் குறுக்கே புகுந்து, "சார், அரசாங்கமே இல்லாவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். வரியும் கிடையாது, லஞ்சமும் கிடையாது" என்றான். டீ ஆறி ஏடு படியும் வரை சண்டை. இரண்டு பேருமே இரண்டில் எதையும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். எல்லாம் அரசின் பிடியில் இருக்கிற நாட்டில் வாழ்வது மேலா, அரசே உடைந்துபோன நாட்டில் வாழ்வது மேலா? இரண்டும் வேண்டாம் என்று நழுவக் கூடாது. நம் ஊர் கட்சி அரசியலையும் இழுக்க வேண்டாம்.

பேச்சுக்கு இரண்டு நாடுகளை வைக்கிறேன்: சோமாலியா, அல்பேனியா. ஏன் இவை என்றால், இரண்டையும் ஒரே ஆயுளில் அனுபவித்த ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். சோமாலியாவில் சியாத் பாரே 1969 அக்டோபரில் ராணுவத்தோடு வந்தார், 1991 ஜனவரியில் தலைநகர் மொகதிஷுவை விட்டு ஓடினார். அதற்கப்புறம் 'இடைக்கால' என்ற ஒட்டு இல்லாத ஒரு மத்திய அரசு அமைந்தது 2012இல்தான். அது 21 வருடம், இதுவும் 21 வருடம். தராசில் நிறுத்து வைத்த மாதிரி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெட்ட அரசு தேவலாம். மன்சர் ஓல்சன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு வாதம் வைத்தார். ஊர் ஊராகத் திரியும் கொள்ளையனை விட ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்ட கொள்ளையன் மேல். திரிகிறவன் மாட்டை வெட்டித் தின்றுவிட்டுப் போய்விடுவான். உட்கார்ந்தவனுக்கு நாளைக்கும் கறக்க வேண்டும், அதனால் மாட்டுக்குத் தீவனமாவது போடுவான். பாரே தீவனம் போட்டார். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து 1972இல் வந்தது அவர் காலத்தில்தான். 1974இல் மேல் வகுப்புகளை நிறுத்திவிட்டு மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிராமத்துக்கும் மேய்ச்சல் காட்டுக்கும் அனுப்பி எழுத்தறிவித்தார். அவர் போன பிறகு வந்தவர்கள் எழுத்தா சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆரம்பியுங்கள்.

பனங்காட்டு நரி:

சோமாலியா என்றதும் எல்லோரும் ஒரே படத்தை ஓட்டுகிறீர்கள்: துப்பாக்கி, பட்டினி, மறுபடி துப்பாக்கி. கொஞ்சம் மற்றதையும் பாருங்கள்.

பாரே காலத்தில் வீட்டுக்கு டெலிபோன் வாங்குவது யாருக்கு வாய்த்தது? அரசு போன பிறகு மொகதிஷுவில் தனியார் கம்பெனிகள் சில நாளில் இணைப்பு கொடுத்தன. வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் ஆப்பிரிக்காவிலேயே மலிவான இடங்களில் அதுவும் ஒன்று. லைசென்ஸும் இல்லை, மந்திரிக்குப் பெட்டியும் இல்லை. கென்யா எல்லையில் மாட்டு வியாபாரம் அரசு போன பிறகு பெருகியது. வெளிநாட்டில் இருந்த சோமாலியர்கள் ஹவாலா வழியாக அனுப்பிய பணம் பாலைவனத்து ஊர்வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஆளைத் தெரியுமா, இந்த ஆளைத் தெரியுமா என்ற வாய்வார்த்தையில் ஓடிய வங்கி அது.

எனக்குப் பிடித்தது ஷில்லிங் கதை. மத்திய வங்கி 1991இலேயே போய்விட்டது. ஆனால் 1000 ஷில்லிங் நோட்டு சாகவில்லை. சந்தையில் மீனும் சோளமும் அதை வைத்துத்தான் வாங்கினார்கள். பின்னால் நின்று உறுதி கொடுக்க ஒருவரும் இல்லாத நோட்டு, ஜனங்கள் ஒருவரை ஒருவர் நம்பினதால் மட்டும் செல்லுபடியானது.

பீட்டர் லீசன் என்பவர் 2007இல் கணக்குப் போட்டே எழுதினார்: வாழ்நாள், சிசு மரணம் என்று பல குறியீடுகளில் அரசு இல்லாத சோமாலியா, அரசு இருந்த சோமாலியாவை விடத் தேறியிருக்கிறது என்று. கரிசல் அண்ணே, உங்கள் மாடு அவ்வளவு கொழுக்கவில்லை.

வரலாற்று வாத்தியார்:

பாடம் எடுத்தே பழக்கம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்பேனியாவைப் பற்றிச் சொல்கிறேன்.

என்வர் ஹோஜா 1944இல் ஆட்சியைப் பிடித்தார், 1985இல் சாகும் வரை விடவில்லை. யூகோஸ்லாவியாவோடு சண்டை, அப்புறம் சோவியத் யூனியனோடு சண்டை, கடைசியில் சீனாவோடும் சண்டை. நட்பு நாடே இல்லாத கம்யூனிஸ்ட் நாடு என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அதுதான். யாரோ படையெடுத்து வரப்போகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி நாடு முழுக்க காளான் முளைத்த மாதிரி கான்கிரீட் பதுங்குகுழிகள் கட்டினார். 1,73,000க்கும் மேல். மக்கள்தொகை 30 லட்சம்தான். 17 பேருக்கு ஒரு பதுங்குகுழி. அந்த சிமென்ட்டுக்கு எத்தனை வீடு கட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும்.

1967இல் மதத்தை முழுசாகத் தடை செய்தார்கள். பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் கிட்டங்கியாகவும் விளையாட்டுக் கூடமாகவும் ஆயின. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளக் கூடாது. தாடியோடும் நீள முடியோடும் வந்த வெளிநாட்டுப் பயணிக்கு எல்லையிலேயே முடிவெட்டுக்காரர் காத்திருப்பார். கடற்கரை ஊர்களில் இத்தாலி டிவி எடுக்கும், ஆனால் பார்க்கிறாய் என்று தெரியக் கூடாது. அதனால் இருட்டிய பிறகு மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்பி வைப்பார்கள், விடிவதற்குள் பழைய திசைக்குத் திருப்பிவிடுவார்கள்.

தண்டனை ஆளோடு நிற்காது. ஒருவர் நாட்டை விட்டுத் தப்பினால், கட்சியை விமர்சித்தால், அந்தக் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு எங்கோ ஒரு சதுப்புநிலக் கிராமத்துக்குப் போக வேண்டும். அங்கே தினமும் ஆஜர் கொடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த சொல் 'பியோக்ராஃபி', அதாவது வரலாறு, குலச் சரித்திரம். உன் பியோக்ராஃபி கெட்டது என்றால் மேல்படிப்பு கிடையாது, நல்ல வேலை கிடையாது, பெண் கொடுக்க ஆள் வராது. அரசியல் காரணத்துக்காக 5,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறார்கள். ஸ்பாச் என்ற மலையில் அரசியல் கைதிகளைத் தாமிரச் சுரங்கத்தில் இறக்கினார்கள். 1973இல் அங்கே ஒரு கலகமும் நடந்தது.

சரி, கரிசல் கேட்ட தீவனக் கணக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. போருக்கு முன்னால் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மலேரியா வேறு. ஹோஜா காலத்தில் மலேரியா ஒழிந்தது, எல்லோரும் பள்ளிக்கூடம் போனார்கள், 1970இல் கடைசிக் கிராமத்துக்கும் மின்சாரம் போனது. சராசரி ஆயுள் 70ஐத் தொட்டது. பால் வாங்க விடியற்காலையில் வரிசை நிற்கும். ஆள் நிற்க முடியாதவர்கள் ஒரு கல்லையோ பையையோ வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது கல் வைத்த இடத்திலேயே இருக்கும்.

அந்தக் கல்லைத்தான் நான் பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது ஒழுக்கமா, பயமா?

சும்மா எட்டிப்பார்த்தவன்:

வாத்தியாரே, அல்பேனியாவில் அரசு உடைந்தது 1997இல் சில மாதம். அதைப் போய் சோமாலியாவின் 21 வருடத்தோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

வரலாற்று வாத்தியார்:

நியாயமில்லைதான். ஆனால் எத்தனை நாள் என்பதை விட எவ்வளவு வேகமாக என்பது எனக்கு முக்கியம். 40 வருடம் ஈ பறந்தாலும் தெரிந்துகொண்ட அரசு, ஆறே வருடத்தில் ஒரு ஆயுதக் கிட்டங்கிக்குப் பூட்டுப் போட முடியாத அரசாக ஆனது. அதன் நடுவில் என்ன நடந்தது என்று செவ்வந்தி சொன்னால் நன்றாக இருக்கும், அவர் வங்கிக்காரர்.

செவ்வந்தி:

வாத்தியார் ஐயா கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சி போய், 1991க்குப் பிறகு அல்பேனியர்களுக்குக் கையில் கொஞ்சம் பணம் வந்தது. இத்தாலியிலும் கிரீஸிலும் கூலி வேலை செய்தவர்கள் அனுப்பியது. போட்டு வைக்க உருப்படியான வங்கி கிடையாது. அந்த இடத்தில் பணம் சேர்க்கும் கம்பெனிகள் முளைத்தன. முதலில் மாதம் 4, 5 சதவீத வட்டி என்றார்கள், அப்புறம் 8, அப்புறம் 10. 1996 இலையுதிர்காலத்தில் போட்டி முற்றியது. ஜாஃபெரி என்ற கம்பெனி 3 மாதத்தில் பணத்தை மூன்று மடங்காக்கித் தருகிறேன் என்றது. சூடே என்ற கம்பெனி 2 மாதத்தில் இரட்டிப்பு என்றது. பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) ஆய்வின்படி மக்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பணம் போட்டிருந்தார்கள். கம்பெனிகள் திருப்பித் தர வேண்டிய தொகை ஏறக்குறைய 120 கோடி டாலர், நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட பாதி.

அந்த இலையுதிர்காலத்தில் தலைநகர் திரானாவில் கசாப்புக்கடை நாற்றம் அடித்ததாம். விவசாயிகள் மாட்டையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து விற்று, அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். கரிசல்காட்டான் சொன்ன மாட்டை இங்கே சொந்தக்காரனே வெட்டினான்!

எங்கள் ஊரிலும் 90களில் ஒரு பைனான்ஸ் கம்பெனி இதையே செய்தது. என் பெரியம்மா நகையை விற்றுப் போட்டார். ஷட்டர் இறங்கிய பிறகு போலீசில் புகார், அப்புறம் கோர்ட், பல வருடம் கழித்துப் போட்டதில் கால்வாசி வந்தது. காலைத் தேய்த்தோம், ஆனால் தேய்ப்பதற்கு ஒரு படிக்கட்டு இருந்தது. அங்கே அது இல்லை. ஜனாதிபதி சாலி பெரிஷாவின் ஆளுங்கட்சியே தேர்தல் செலவுக்கு இந்தக் கம்பெனிகளிடம் கை நீட்டியதாகப் பேச்சு. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

1997 ஜனவரியில் சூடேவும் ஜல்லிகாவும் திவாலாயின. ஜல்லிகா வ்லோரா நகரத்துக் கம்பெனி, அந்த ஊர்தான் முதலில் பற்றி எரிந்தது. மார்ச்சில் ராணுவத்தினர் முகாம்களை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆயுதக் கிட்டங்கிகள் திறந்து கிடந்தன. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஜனங்கள் கைக்குப் போயின. சிறைக் கதவுகள் திறந்தன. சுமார் 2,000 பேர் செத்தார்கள். அதில் எத்தனையோ பேர் யாரும் குறிவைக்காமலே செத்தவர்கள். வானத்தைப் பார்த்துச் சுட்ட தோட்டா கீழே வராமலா இருக்கும்?

இதில் என்னை உறுத்துவது துப்பாக்கிகள்தான். ஹோஜா வராத எதிரிக்காகச் சேர்த்து வைத்தவை அவை. சோமாலியாவிலும் இதே கதைதான். பாரே முதலில் சோவியத்திடம், பிறகு அமெரிக்காவிடம் வாங்கிக் குவித்த ஆயுதம்தான் 1991இல் தெருவுக்கு வந்தது. மொகதிஷுவின் பக்காரா சந்தையில் ஆயுதக் கடைப் பகுதிக்கு 'வானத்தைச் சுடுவோர்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. வாங்குகிறவன் மேலே ஒரு ரவுண்டு சுட்டுப் பார்த்துத்தான் வாங்கினான். அதே சந்தையில் சோமாலியப் பாஸ்போர்ட்டும் விலைக்குக் கிடைத்தது.

நரி தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த 1000 ஷில்லிங் நோட்டை விரும்பியவர்கள் எல்லாம் அச்சடித்து இறக்கினார்கள். புழக்கத்தில் இருந்ததில் 98 சதவீதம் கள்ளநோட்டு என்று பன்னாட்டு நாணய நிதியமே சொன்னது. நம்பிக்கை என்று நீங்கள் சொன்னது, வேறு வழியில்லாமல் கள்ளநோட்டையும் வாங்கிக்கொண்டதுதான்.

பனங்காட்டு நரி:

அக்கா, கள்ளநோட்டே செலாவணியாக ஓடுகிறது என்றால் அது என் வாதத்துக்குத்தான் பலம். 😀

தூத்துக்குடி மாலுமி:

நான் கப்பல் இன்ஜினியர். நீங்கள் பேசுகிற ஊருக்குள் கால் வைத்ததில்லை, ஆனால் அதன் வாசல் வழியாகப் போயிருக்கிறேன்.

2011இல் ஏடன் வளைகுடா வழியாக ஒரு சரக்குக் கப்பலில் போனோம். கடற்கொள்ளையருக்குப் பயந்து, இலங்கையில் காலி துறைமுகத்துக்கு வெளியே நின்று ஆயுதம் ஏந்திய காவலர்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டோம். அப்போது அதுதான் வழக்கம். கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள். தண்ணீர்க் குழாய்களை வெளிப்பக்கம் பார்த்துக் கட்டி, எந்த நேரமும் பீய்ச்சுகிற மாதிரி வைத்தோம். பாய்லர் சூட் என்கிற பழைய வேலை உடுப்பில் கந்தலை அடைத்து, தலைக்கு ஹெல்மெட் போட்டு, தளத்தில் நாலு பொம்மை நிறுத்தினோம். வயலில் சோளக்கொல்லைப் பொம்மை நிற்கிற மாதிரி. காக்கையாவது பயப்படும். ஸ்டியரிங் அறையில் குடிதண்ணீர், பிஸ்கட், சாட்டிலைட் போன் எல்லாம் வைத்து, கொள்ளையர்கள் ஏறிவிட்டால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வது என்று ஒத்திகை.

இரண்டாம் நாள் மதியம் ஒரு சின்னப் படகு கிட்டே வந்தது. ஆறு பேர். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணம்: வலை இருந்தால் மீனவன், ஏணி இருந்தால் கொள்ளையன். பைனாகுலரில் பார்த்தால் இரண்டும் தெரியவில்லை, நடுவில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. காவலர் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கத்தில் ஒருவன் எழுந்து நின்று ஒரு பெரிய மீனைத் தூக்கிக் காட்டினான். கொஞ்ச நேரம் கூடவே வந்துவிட்டு விலகிப் போனார்கள். அவர்கள் யார் என்று இன்று வரை தெரியாது. நானே மீனவர் வீட்டுப் பிள்ளை. அன்றைக்கு அந்த மீனைப் பார்த்தும் நான் நம்பவில்லை.

இந்தக் கடற்கொள்ளைக்குக் காரணம் என்ன என்று கேட்டால், கடலோரக் காவல் இல்லாத கடலில் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் வந்து வாரிக்கொண்டு போயின. கரையில் இருந்தவர்கள் ஆயுதத்தோடு போய்த் தடுத்தார்கள், 'கடலோரக் காவல்' என்று தங்களுக்கே பெயரும் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் மீனை விட மனிதனைப் பிடித்தால் லாபம் என்று கண்டுகொண்டார்கள். ஐஸ்பெர்க் 1 என்ற கப்பல் 2010 மார்ச்சில் பிடிபட்டது. மாலுமிகள் வெளியே வந்தது 2012 டிசம்பரில். அதில் இந்தியர்களும் இருந்தார்கள். ஆயிரம் நாளுக்குப் பக்கம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மொகதிஷுவைப் போல முழுக்கச் சிதறிய இடத்தை விட, கொஞ்சம் நிர்வாகம் மிச்சமிருந்த, வடகிழக்குச் சோமாலியாவின் பன்ட்லாண்டுக் கரையில்தான் இந்தத் தொழில் நன்றாக நடந்தது. கப்பலைப் பிடித்து மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டும், சாப்பாடு போட வேண்டும், பேரம் பேச வேண்டும். அதற்கு அமைதி வேண்டும்! கொள்ளைக்கும் கொஞ்சம் சட்டம் ஒழுங்கு தேவைப்படுகிறது.

கரிசல்காட்டான்:

மாலுமி அண்ணே, அந்த மீன் தூக்கத்தைக் கெடுக்கும் போலிருக்கிறது.

அப்போ என் கட்சி ஜெயித்துவிட்டதா? ஒரே தண்டல்காரன் இருந்திருந்தால் அந்தப் படகும் வந்திருக்காது, பொம்மையும் தேவைப்பட்டிருக்காது.

வரலாற்று வாத்தியார்:

அவசரப்படாதீர்கள். உங்கள் தண்டல்காரன் 1988இல் என்ன செய்தார் தெரியுமா? வடக்கே ஹர்கெய்ஸா நகரத்தில் கிளர்ச்சியாளர்கள் நுழைந்தார்கள். பாரேவின் விமானங்கள் அந்த ஊர் விமான நிலையத்திலேயே கிளம்பி, அந்த ஊர் மேலேயே குண்டு போட்டுவிட்டு, அந்த ஊரிலேயே இறங்கின. அந்த மிக் விமானங்களில் ஒன்றை இன்றைக்கும் நகரத்தின் நடுவில் பீடத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். ஓல்சனின் உட்கார்ந்த கொள்ளையனுக்கு மாடு வேண்டும் என்பது சரி. நாற்காலி ஆடும்போது மாட்டையும் கொளுத்துவான்.

அதனால்தான் நரி காட்டிய குறியீடுகளும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. பாரே ஆட்சியின் கடைசி வருடங்களோடு ஒப்பிட்டால் எதுவுமே தேறின மாதிரித்தான் தெரியும். 1992இல் தெற்கே பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். மழை பொய்த்ததை விட, ஆயுதக் கும்பல்கள் தானியக் குழியைச் சூறையாடியதும் நிவாரண லாரியை மடக்கியதும்தான் காரணம். உதவி நிறுவனங்கள் தங்கள் லாரியைக் காக்க அதே கும்பல்களையே கூலிக்கு வைத்தன. அந்தச் செலவை 'தொழில்நுட்ப உதவி' என்று கணக்கில் எழுதினார்களாம். மேலே எந்திரத் துப்பாக்கி பூட்டிய பிக்கப் வண்டிக்கு 'டெக்னிக்கல்' என்று பெயர் வந்தது அதிலிருந்துதான் என்பார்கள். பட்டினி கிடந்த ஊரிலும் கென்யாவிலிருந்து, போதைக்கு மெல்லும் காத் இலை ஏற்றிய சின்ன விமானம் மட்டும் தவறாமல் வந்து இறங்கியது.

ஆனால் ஹர்கெய்ஸாக்காரர்கள் இடிபாட்டின் மேல் உட்கார்ந்து வேறு ஒன்று செய்தார்கள். 1993இல் போரமா என்ற ஊரில் குலப் பெரியவர்கள் கூடினார்கள். மாதக்கணக்கில் பேசினார்கள். யார் யாருக்கு எத்தனை ஒட்டகம் ஈடு தர வேண்டும் என்பதிலிருந்து ஜனாதிபதி யார் என்பது வரை பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். வடக்கே தனியாகப் பிரிந்த சோமாலிலாந்து அப்படித்தான் நின்றது. தெற்கில் அது நடக்கவில்லை. பெரியவர்கள் பேச்சுக்கு மரியாதை வடக்கில் மிச்சமிருந்தது, தெற்கில் பாரேவும் பிறகு வந்த யுத்தத் தலைவர்களும் அதைத் தின்றுவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

கொல்லிமலைச் சாரல்:

எல்லாம் வல்ல அரசு, உடைந்த அரசு என்று இரண்டு பெட்டி போட்டுவிட்டீர்கள். வட கொரியாவை எந்தப் பெட்டியில் போடுவது?

அங்கே ஒவ்வொரு 20, 30 வீட்டுக்கும் ஒரு பெண்மணி பொறுப்பு. யார் வீட்டில் யார் தங்கினார் என்று எழுதி வைக்க வேண்டும். ரேடியோவின் குமிழை அரசு அலைவரிசையில் வைத்து அடைத்துவிடுவார்கள். பக்கத்து மாவட்டத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் 90களின் நடுவில் அதே அரசால் ரேஷன் போட முடியவில்லை. கண்காணிக்க முடிந்தது, சோறு போட முடியவில்லை. செத்தவர்கள் எத்தனை என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வித்தியாசம், ஆனால் குறைந்த கணக்கே பல லட்சம். ரேஷன் நாளைக்கு வந்துவிடும் என்று விதியை மீறாமல் காத்திருந்தவர்கள் முதலில் போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்கிறார்கள். மீறி சந்தையில் சோயாக் கட்டி விற்ற பெண்கள் பிழைத்தார்கள்.

ஆக ஒரே நேரத்தில் இரண்டும் சாத்தியம்.

நெறியாளர்:

நடுவில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நம் ஊர் முதல்வர்களை ஒப்பிட வேறு இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

செவ்வந்தி:

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று தோன்றியது, தவறென்றால் திருத்துங்கள்.

அல்பேனிய அலுவலகத்தில் கேட்ட கேள்வி: உன் பியோக்ராஃபி என்ன? மாமா எங்கே இருக்கிறார், தாத்தாவுக்கு எத்தனை ஏக்கர் இருந்தது? 1991க்குப் பிறகு மொகதிஷுவில் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டு வசூல் செய்தார்களே, 'இஸ்பாரோ' என்பார்கள், அங்கே நின்ற பையன் கேட்ட கேள்வி: நீ யார்? அதற்குப் பெயரைச் சொன்னால் போதாது. அப்பா, தாத்தா, பூட்டன் என்று மேலே மேலே பெயரை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். அங்கே பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம் பண்ண வைப்பார்களாம். எந்தப் பெயரில் அவன் குலமும் உன் குலமும் பிரிகிறது என்பதை வைத்துத்தான் நீ தடுப்பைத் தாண்டுவதா, அங்கேயே விழுவதா என்பது.

வேடிக்கை என்னவென்றால், பாரே காலத்தில் குலப் பெயரை வாயில் எடுப்பதே குற்றம். குலவாதத்துக்குக் கொடும்பாவி கட்டிப் புதைத்தார்கள். அதனால் ஜனங்கள் ஒருவரை ஒருவர், "உங்கள் 'முன்னாள்' என்ன?" என்று கேட்டுக்கொண்டார்களாம். பாரே மட்டும் உள்ளுக்குள் மூன்று குலத்தை நம்பியே ஆண்டார்.

நீ என்ன செய்தாய் என்று இரண்டு இடத்திலும் கேட்கவில்லை. நீ யார் மகன் என்றுதான் கேட்டார்கள். ஒன்றில் பதில் கோப்பில் இருந்தது, மற்றதில் நாக்கு நுனியில். இந்த இழையின் தலைப்பை நான் வைத்திருந்தால் வேறு மாதிரி வைத்திருப்பேன்.

பனங்காட்டு நரி:

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. டெலிபோன் மலிவு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பலெர்மோ பாலன்:

நான் யாழ்ப்பாணம், கன காலமாக இத்தாலியில். ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. கன நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதவில்லை. செவ்வந்தி அக்காவின் பதிவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னோடு வேலை செய்கிற அல்பேனியர் ஒருவர், என்னை விட பதினைந்து வயசு மூத்தவர். 1991 ஆகஸ்டில் வ்லோரா என்ற சரக்குக் கப்பலில் 20,000 பேர் ஏறி இத்தாலியின் பாரி துறைமுகத்துக்கு வந்தார்களே, படம் பார்த்திருப்பீர்கள், கப்பலே தெரியாமல் தலையாகத் தெரியும். அதில் இவரும் ஒருவர். இத்தாலி அரசு அவர்களை ஒரு மைதானத்தில் அடைத்து வைத்துவிட்டு, பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பியது. இவரும் திரும்பிப் போனார். மறுபடி 1997இல் வந்தார். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு அகதிப் படகு இத்தாலியக் கடற்படைக் கப்பலோடு மோதி 80க்கு மேற்பட்டவர்கள் கடலோடு போனார்கள். அதற்கு இரண்டு கிழமை கழித்து வேறு படகில் வந்தவர்.

இன்றைக்கும் அரசியல் கதைக்கும்போது குரல் தாழும். குசினியில் யன்னல் திறந்திருந்தால் போய்ச் சாத்திவிட்டு வந்துதான் கதைப்பார். இத்தாலிப் பிரதமரைத் திட்டுவதற்குக் கூட!

போன சனி, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது கரிசல் அண்ணையின் கேள்வியை அப்படியே கேட்டேன். எது மேல்? பதில் சொல்லாமல் வேறு ஒன்று சொன்னார்.

அவருடைய தகப்பன் ஸ்பாச் சுரங்கத்தில் எட்டு வருடம். அதனால் இவருக்குப் பல்கலைக்கழகம் இல்லை, செங்கல் சூளைதான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது தகப்பன் பெயரையும் சேர்த்து வாசிப்பார்களாம், அந்த நேரம் நிலம் பிளந்தால் நல்லது என்று இருக்குமாம். 1997இல் வ்லோராவுக்குப் போகிற றோட்டில் முகத்தை மூடிக் கட்டின பெடியன்கள் இவர் போன வான் வண்டியை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கி, பணம், மணிக்கூடு எல்லாம் கழற்றினார்கள். இவரிடம் படகுக்காக வைத்திருந்த காசு சப்பாத்துக்குள். ஒருவன் துவக்கை நெஞ்சில் வைத்து, எந்த ஊர், யார் மகன் என்று கேட்டிருக்கிறான். இவர் பழக்கத்தில் கொஞ்சம் தயங்கி, தகப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவன் துணியைக் கீழே இறக்கி, "ஸ்பாச்சில் இருந்தவரா? என் தாத்தாவும் அங்கேதான் கிடந்தார்" என்றானாம். சப்பாத்தைப் பார்க்காமலே விட்டுவிட்டான். வானில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

"என் அப்பாவின் பெயர் எனக்கு உதவியது அந்த ஒரு நாள்தான்" என்று சொல்லிவிட்டு, கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.